பாக்கி இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்

ஊர் ஊராக ஜனங்கள் வந்து சேர்கிற இடத்தில் பிறந்தவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஆந்திராக்காரர் ராத்திரி பஸ் பிடித்துத் திருவண்ணாமலைக்கு வருகிறார். ஜெர்மனியிலிருந்து வந்தவர் திரும்பிப் போக மனசில்லாமல் செங்கம் ரோட்டுப் பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறார். உள்ளூர்ப் பையன் மட்டும் பிளஸ் டூ முடித்த கையோடு பெட்டி கட்டுகிறான். தொண்ணூறுகளின் நடுவில் அப்படிக் கட்டியவர்களில் நானும் ஒருவன்.

ஊரைப் பிரிந்தேன் என்று சொல்ல முடியாது. பொங்கலுக்கும் தீபத்துக்கும் போகிறேன், மலை வைத்த இடத்திலேயே இருக்கிறது, அம்மா கேட்காமலே சோறு போடுகிறாள். பிரிந்தது பள்ளிக்கூடத்தைத்தான். அங்கே போனால் கேட்டுக்குள் கால் வைக்கும் முன்பே வாட்ச்மேன், “யாரைப் பாக்கணும்?” என்கிறார். யாரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தெரிவதில்லை.

எங்கள் பிளஸ் டூ வகுப்பு மாடியில் இருந்தது. மேற்குப் பக்க ஜன்னலைத் திறந்தால் மலை. கடைசி பெஞ்சில் இடம் பிடிக்க நடந்த சண்டைக்கு ஊரில் பலரும் வேறு காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம், அங்கிருந்துதான் மலை முழுசாகத் தெரியும். மழைக்காலத்தில் உச்சியில் மேகம் வந்து உட்காரும். உட்கார்ந்த மேகம் எப்போது எழுந்து போகும் என்று பந்தயம் கட்டுவோம். இயற்பியல் வாத்தியார் திரும்பிப் பார்த்து, “மலையைப் பாத்தது போதும், போர்டைப் பாருடா” என்பார். உலகமே தேடி வந்து சம்மணம் போட்டுப் பார்க்கிற மலையை உள்ளூர்ப் பையன் பார்த்தால் மட்டும் குற்றம். அதற்குத் தண்டனை பெஞ்ச் மேல் ஏறி நிற்பது. ஏறி நின்றால் மலை இன்னும் நன்றாகத் தெரியும். இந்த ஓட்டை கடைசி வரை அவர் கண்ணில் படவேயில்லை.

கணக்குப் பாடத்துக்கும் ஊர் உதவியது. புத்தகத்தில் எப்போதும் ஒரு கம்பம் நிற்கும், அல்லது கலங்கரை விளக்கம் நிற்கும். நாங்கள் கலங்கரை விளக்கத்தைக் கண்டோமா? எங்கள் கணக்கு வாத்தியார் அதைத் தள்ளிவிட்டு ராஜகோபுரத்தை நிறுத்துவார். உயரம் 217 அடி. ஏற்றக் கோணம் 45 டிகிரி வரவேண்டுமானால் எங்கே நிற்க வேண்டும்? 217 அடி தள்ளி நிற்க வேண்டும். விடை சரி. “அங்கே நின்னா எவனாவது ஒருத்தன் கடைக்குள்ளதானே சார் நிக்கணும்?” என்று ஒருவன் கேட்டான். அவனுக்கு அன்றைக்கு ஏற்றக் கோணம் காதில் விழுந்தது.

மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒரு லீவு எங்களுக்கு உண்டு. கார்த்திகைத் தீபத்துக்குப் பாதுகாப்புக்கு வருகிற போலீஸ்காரர்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் தங்குவார்கள். தேர் ஓடுகிற ஏழாம் நாள், அதிகாலை பரணி தீபமும் மாலை ஆறு மணிக்கு மலைமேல் மகா தீபமும் ஏற்றுகிற பத்தாம் நாள் என்று ஊர் நிரம்பி வழிகையில், எங்கள் வகுப்பில் காக்கிச் சட்டைகள் கொடியில் காயும். லீவு முடிந்து போனால் பெஞ்சுகள் எல்லாம் சுவரோரம் அடுக்கியிருக்கும். சாம்பார் வாசனை போக ரெண்டு நாள் ஆகும். ஒருமுறை கரும்பலகையில் எந்தக் கோபுர வாசலில் யார் டியூட்டி என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: பேய் கோபுரம், அம்மணி அம்மன் கோபுரம், திருமஞ்சன கோபுரம். கணக்கு வாத்தியார் அதைப் படித்துவிட்டு, “இந்தக் கையெழுத்தில ஒருத்தனாவது உங்கள்ல எழுதியிருக்கானா?” என்றார். அழிக்க மனசு வராமல் அதற்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் தொகையிடல் கணக்கை ஆரம்பித்தார்.

மகா தீபம் பதினோரு நாள் எரியும். கார்த்திகை தள்ளி வருகிற வருஷங்களில் அரையாண்டுத் தேர்வும் அந்த நாட்களிலேயே வந்து விழும். ராத்திரி மொட்டை மாடியில் படிக்க உட்காருவோம். கரண்ட் போனாலும் மலைமேல் தீபம் தெரியும். அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, படிக்க வெளிச்சம் இல்லையே என்று புத்தகத்தை மூடிவிடுவோம். மார்க் குறைந்ததற்கு அண்ணாமலையாரைச் சாட்சிக்கு இழுத்தவர்கள் எங்கள் செட்டில் நிறைய.

தமிழ் ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கோயிலில் கிளி கோபுரம் இருக்கிறது. அருணகிரிநாதர் கிளி உருவம் எடுத்து அங்கே இருந்தார் என்பது ஊர்க் கதை. கோனார் உரையை அட்சரம் பிசகாமல் ஒப்பித்த ஒருவனிடம் ஐயா சொன்னார்: “கிளியாகியும் பாடினார் அருணகிரி. மனுஷனா இருந்துகிட்டே கிளியாகிட்டியேடா நீ!” வகுப்பு சிரித்தது. அந்தக் கிளி இன்றைக்கு ஒரு கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர்.

ஆங்கில வாத்தியாருக்கு வேறு திட்டம். “செங்கம் ரோட்டுக்குப் போங்கடா, வெள்ளைக்காரன் நடந்து போவான். கூச்சப்படாம பேசிப் பழகுங்க.” போனோம். ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் வேட்டி கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். எங்களில் தைரியசாலி முன்னால் போய், “விச் கன்ட்ரி?” என்றான். அவர் நின்று, கைகூப்பி, “சாப்டீங்களா?” என்று தமிழில் கேட்டார். எங்கள் ஆங்கிலப் பயிற்சி அத்தோடு முடிந்தது. வீடு திரும்பும் வரை யாரும் யாரோடும் எந்த மொழியிலும் பேசவில்லை.

வேதியியல் ஆய்வகம் மட்டும் எல்லாருக்கும் பிடித்த இடம். உப்புப் பகுப்பாய்வில் ஜுவாலைச் சோதனை வரும். பிளாட்டினக் கம்பி நுனியில் உப்பைத் தொட்டுப் பன்சன் அடுப்பில் காட்ட வேண்டும். செங்கல் நிறத்தில் எரிந்தால் கால்சியம், ஆப்பிள் பச்சை என்றால் பேரியம், நீலப் பச்சை என்றால் தாமிரம். “அக்னித் தலத்துல பொறந்துட்டு நெருப்பு என்ன கலர்னு தெரியலைன்னா வெக்கமா இல்ல?” என்று வாத்தியார் கேட்பார். பிராக்டிக்கல் தேர்வன்று ஆய்வக உதவியாளர் எங்களைத் தாண்டி நடக்கையில், யாரிடமோ பேசுவதாகப் பாவனை செய்து, “செங்கல் சூளையில இன்னிக்கி வேலை ஜாஸ்தி” என்று சொல்லிக்கொண்டு போனார். எங்களுக்குப் புரிந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்கு ஊரில் செங்கல் தொழில் நன்றாக நடக்கிறது என்று புரிந்தது.

பிரிகிற நேரம் நெருங்குகிறது என்று முதலில் அறிவித்தது பிளஸ் ஒன் பையன்கள். எங்களுக்குப் பிரிவு உபசார விழா நடத்த வீட்டுக்கு வீடு, வகுப்புக்கு வகுப்பு காசு வசூலித்தார்கள். எங்களிடமே வந்து கேட்டான் ஒருவன். “எங்களை அனுப்ப நாங்களே காசு குடுக்கணுமாடா?” என்றதற்கு, “மிக்சர் கம்மியா வந்தா என்னைக் கேக்கக் கூடாதுண்ணா” என்றான். கொடுத்தோம். தாளில் ஒரு லட்டு, ஒரு கை மிக்சர், ஒரு வாழைப்பழம். தலைமையாசிரியர் பேசுகையில் எங்களைப் போன்ற நல்ல செட் இந்தப் பள்ளிக்கு வந்ததில்லை என்றார். முந்தைய வருஷமும் இதையே சொன்னார் என்பதை முந்தைய வருஷம் மிக்சர் பரிமாறிய நாங்கள் அறிவோம். ஆனாலும் நம்பினோம்.

ஆட்டோகிராஃப் நோட்டுகள் சுற்றுக்கு வந்தன. ரோஜாப்பூ அட்டை, உள்ளே பக்கத்துக்கு ஒரு கலர். மறக்காதே என்று எல்லாரும் எழுதினார்கள். முகவரி என்ற இடத்தில் எல்லாருமே அப்பாவின் வீட்டு முகவரியைத்தான் எழுதினார்கள். எங்கள் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரெண்டு பேர் பத்தாம் வகுப்பிலிருந்து பேசுவதில்லை. ஒரு காம்பஸ் பெட்டி விவகாரம். ஊரில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்குமே மாட்டுப் பொங்கலன்று திருவூடல் நடக்கிறது. ஆனால் மறுநாளே மறுவூடல் முடிந்து ராசியாகிவிடுவார்கள். இவர்கள் சாமியை விடப் பெரிய ரோஷக்காரர்கள். நோட்டு ஒருவன் கைக்கு வந்தபோது மற்றவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவன் நேரம் எடுத்து எழுதி மூடி வைத்தான். பிரித்துப் பார்த்தால், “காம்பஸ் என்கிட்டதான் இருக்கு” என்று ஒரே வரி. ரெண்டு பேரும் அன்று சாயங்காலம் ஒரே சைக்கிளில் போனார்கள்.

பொதுத்தேர்வு நாட்களில் சம்பந்த விநாயகருக்குக் கூட்டம் கூடிவிடும். ஹால் டிக்கெட், பேனா, சிலர் அளவுகோல் வரை அவர் பாதத்தில் வைத்து எடுத்தார்கள். இத்தனை மார்க் வந்தால் இத்தனை பௌர்ணமி கிரிவலம் என்று ஒப்பந்தம் போட்டவர்கள் உண்டு. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் என்பதை ஒப்பந்தம் போடும்போது யாரும் நினைப்பதில்லை. தொண்ணூறுகளில்தான் பௌர்ணமிக் கூட்டம் பெருகத் தொடங்கியது. அந்தக் கூட்டத்தில் கணிசமான பேர் எங்கள் பழைய மாணவர்களாக இருக்கக்கூடும் என்பது என் சந்தேகம்.

கடைசித் தேர்வு முடிந்து வெளியே வந்ததும் இங்க் அடித்தோம். தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் இது நடக்கும். எந்த வாத்தியாரும் இதை விரும்பியதில்லை. வெள்ளைச் சட்டையில் நீலம், சிவப்பு. முதுகில் பெயர்கள். கேட்டுக்கு வெளியே மாங்காய் விற்கும் ஆயா கூடையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி, “எங்கூடையில ஒரு சொட்டு பட்டுது, தோலை உரிச்சுடுவேன்” என்றாள். அவள் கை வேலை இன்னும் கண்ணில் நிற்கிறது. மாங்காயை உள்ளங்கையில் நிறுத்தி, கொட்டை வரைக்கும் நெடுக நெடுகக் கீறுவாள். விரல் பட்டதில்லை. கீறின இடமெல்லாம் உப்பும் மிளகாய்ப்பொடியும் திணித்து, ஒரு அழுத்து அழுத்தினால் பூவாக விரியும். காசு இல்லையென்றால் பரவாயில்லை, காம்பவுண்டு சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு. எந்தக் கோடு யாருடையது என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

சட்டை இங்க் காய்ந்த பிறகு, டி.சி. வாங்கப் போனோம். அங்கேதான் நோ டியூஸ் படிவம் கொடுத்தார்கள். நூலகம், ஆய்வகம், விளையாட்டு என்று ஒவ்வொரு இடத்திலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும். நூலகத்தில் தொலைத்த புத்தகத்துக்குப் பணம் கட்டினேன். பி.டி. வாத்தியார் மூன்று வருஷத்துக்கு முன் மதில் தாண்டிப் போன பந்தைப் பற்றி விசாரித்தார். ஆய்வக உதவியாளர் உடைந்த பிப்பெட்டுக்கு என் பெயரில் எழுதியிருந்த தொகையைப் பார்த்து, என்னைப் பார்த்து, “போய்த் தொலை” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் படிவத்தைத் தலைமையாசிரியர் மேஜையில் வைத்தபோது என் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் கணக்கு முடிந்துவிட்டது என்று அலுவலக முத்திரை சொன்னது.

இந்த இடத்தில் எங்கள் ஊரின் மிகப் பெரிய பள்ளி விடுகையைச் சொல்லியாக வேண்டும். 1896 ஆகஸ்ட் 29. மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி மாணவர் வேங்கடராமனுக்கு வயது பதினாறு. ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதி வரச் சொல்லித் தண்டனை. ரெண்டு முறை எழுதினார். மூன்றாவதில் நோட்டைத் தள்ளி வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், இப்படி உட்காருகிறவனுக்குப் படிப்பெல்லாம் எதற்கு என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார். ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று தம்பி எழுந்தார். அப்படியானால் போகிற வழியில் என் காலேஜுக்கு ஃபீஸ் கட்டிவிடு, பெட்டியில் ஐந்து ரூபாய் இருக்கிறது என்றார் அண்ணன். வேங்கடராமன் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டார். தன்னைத் தேட வேண்டாம், உங்கள் ஃபீஸ் இன்னும் கட்டவில்லை, மீதி ரெண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினார். செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். ரமண மகரிஷி ஆன பிறகும், 1950-இல் மறையும் வரை, இந்த ஊரை விட்டு அவர் போகவில்லை.

எங்கள் வாத்தியார்களுக்கு இது பெரிய தலைவலி. கட் அடித்து மாட்டுகிற ஒவ்வொருவனும், “ரமணரே ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டுத்தானே சார் வந்தாரு?” என்பான். புவியியல் வாத்தியார்தான் இதற்கு மருந்து கண்டுபிடித்தார். “அவர் பழைய அட்லஸைப் பாத்துட்டுத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தாரு. விழுப்புரத்துல மாறினா போதும்னு ரயில்ல ஒருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சுது. மேப்பை நம்பினா அவருக்கே அந்தக் கதி. அவர் ஞானி, வந்து சேர்ந்துட்டாரு. நீ எங்கே போய் நிப்பே?” அதற்கப்புறம் கட் அடித்தவர்களும் அட்லஸ் பார்த்துவிட்டே அடித்தார்கள்.

எனக்கு அந்தச் சீட்டில் பிடித்தது அதன் கணக்கு. வீட்டை விடுகிறார், பள்ளியை விடுகிறார், போகிற காரியம் எத்தனையோ பெரிது. ஆனாலும் கட்டாத ஃபீஸையும் மிச்ச ரெண்டு ரூபாயையும் சொல்லாமல் போகவில்லை. எங்களிடம் முத்திரை குத்திய படிவம் இருந்தது. அதில் மாங்காய் ஆயாவுக்குக் கட்டம் இல்லை. தண்ணீர்த் தொட்டியைக் கழுவி வைத்த அக்காவுக்கும், செங்கல் சூளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நடந்த மனுஷருக்கு நன்றி சொல்லவும் இடம் விடவில்லை. அரசாங்கப் படிவத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அது தன் பிப்பெட்டைத்தான் கேட்கும்.

பள்ளி இப்போது மாறியிருக்கிறது. எங்களுக்கு 1200 மார்க். இன்றைய பிளஸ் டூ பிள்ளைக்கு 600. ரேங்க் பட்டியல் 2017-இலிருந்து வெளியிடுவதில்லை. மாலைப் பத்திரிகையில் தெருவிளக்கடியில் நின்று நம்பர் தேடியது நாங்கள். இவர்களுக்கு ரிசல்ட் செல்போனுக்கு வருகிறது. ‘ஆட்டோகிராஃப்’ 2004-இல் வந்தபோது பழைய மாணவர் சந்திப்பு மோகம் பிடித்தது. 2018-இல் ‘96’ வந்த பிறகு அடங்கியிருந்தவர்களுக்கும் பிடித்துக்கொண்டது. எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் சந்திப்பு பற்றிப் பேச்சு வந்தது. நம்முடையது பசங்க ஸ்கூல், யாரைத் தேடிப்போய் உருகுவது என்று ஒருவன் கேட்டான். ஒரு நிமிஷம் குழு அமைதியாக இருந்தது. பிறகு காம்பஸ்காரன் எழுதினான்: “ஆயா இருக்காங்களா, பாத்தீங்களா?” ஊரில் இருப்பவன் பதில் போட்டான். ஆயா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. மகள் அதே கேட் பக்கத்தில் கடை போட்டிருக்கிறாள், சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்.

அந்தக் குழுவில் இப்போது ஒரு வசூல் நடக்கிறது. பிளஸ் ஒன் பையன் எங்களிடம் வந்து கேட்ட மாதிரியேதான், கொஞ்சம் வெட்கத்தோடு. பள்ளி நூலகத்துக்குப் புத்தகம், ஆய்வகத்துக்குக் கண்ணாடிச் சாமான். பிப்பெட் எத்தனை வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறோம்.

இந்த மார்ச்சில் பரீட்சை எழுதப்போகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. இங்க் அடிக்கலாம், அம்மாவிடம் திட்டு வாங்கத் தயாராக இருந்தால். மலையைப் பார்த்து உட்காரலாம். இனிமேல் அதற்கு யாரும் பெஞ்ச் மேல் ஏற்ற மாட்டார்கள். ஆனால் நோ டியூஸ் படிவத்தில் கட்டம் இல்லாதவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாட்ச்மேன், தண்ணீர்த் தொட்டி அக்கா, கேட்டில் கடை வைத்திருப்பவர், திட்டிக்கொண்டே மார்க் போட்டவர். ஹால் டிக்கெட்டைத் திருப்பி வைக்கிற அன்றைக்கே ஒவ்வொருவரிடமும் போய், போய்வருகிறேன் என்று சொல்லுங்கள். கையில் இருக்கிற சில்லறைக் கடனையும் கட்டிவிடுங்கள். பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், வாங்கிக்கொள்ள ஆள் இருக்க மாட்டார்கள்.